எழுதப்படாத புகார்களும் ஒரு ஆராய்ச்சி வேலையும்

ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் போஸ்ட்டாக் வேலைக்கு ஆள் தேடுகிறது. குற்றத்தையும் சமத்துவமின்மையையும் பொருளாதாரக் கண்ணோடு ஆராய வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், வகுப்பெடுக்கும் சுமை குறைவு. முனைவர் பட்டம் முடித்தவர்களும் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆய்வுத் திட்டத்தை ஐந்து பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்ல நினைத்தது ஐந்து பக்கத்துக்குள் அடங்குவதாக இல்லை. அங்கே இடமில்லாமல் போனவற்றைத் தமிழில் எழுதிவைக்கிறேன்.

போஸ்ட்டாக் என்பது, முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, நிரந்தரமான பேராசிரியர் வேலை கிடைப்பதற்கு முன்னால், ஒரு குழுவோடு சேர்ந்து சில வருடம் ஆராய்ச்சியை மட்டும் செய்யும் வேலை. வேதியியலும் உயிரியலும் படித்த பிள்ளைகளின் வீடுகளில் இந்தச் சொல் பழகிவிட்டது. பொருளாதாரம் படித்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது காவிரி டெல்டாவில் பலருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தால் அடுத்த கேள்வி, டி.என்.பி.எஸ்.சி.யா பேங்க் பரீட்சையா என்பதுதான்.

அம்மா கேட்டது வேறு கேள்வி. "திருட்டுக்கும் நீ படிச்ச படிப்புக்கும் என்னம்மா சம்பந்தம்? அது போலீஸ்காரங்க வேலையில்ல?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 1968-க்குப் போக வேண்டும். அந்த வருடம் கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் குற்றமும் தண்டனையும் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த யோசனை எப்படி வந்தது என்று 1992-இல் நோபல் பரிசு வாங்கியபோது அவரே சொன்னார். நியூயார்க்கில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தவருக்கு நேரமாகிவிட்டது. காசு கொடுத்துக் காரை நிறுத்துமிடத்தில் விடுவதா, விதியை மீறித் தெருவிலேயே விட்டுவிடுவதா? பிடிபட எவ்வளவு வாய்ப்பு, பிடிபட்டால் அபராதம் எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெருவிலேயே விட்டார். தேர்வு அறைக்கு நடந்து போகும்போது, அபராதம் போடும் அதிகாரிகளும் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டிருப்பார்களே என்று தோன்றியிருக்கிறது. அங்கிருந்து ஒரு துறையே பிறந்தது. குற்றம் செய்கிறவன் தனிப் பிறவி இல்லை, எல்லோரையும் போல வரவு செலவு பார்க்கிறவன்தான் என்பது அதன் அடிப்படை. கிடைக்கும் ஆதாயம், பிடிபடும் வாய்ப்பு, தண்டனையின் அளவு, நேர்மையாக உழைத்தால் வரக்கூடிய கூலி ஆகிய நான்கையும் வைத்துக் குற்றத்தின் அளவை விளக்கலாம் என்றார்கள்.

சமத்துவமின்மை இதற்குள் பிறகு வந்து சேர்ந்தது. மார்கன் கெல்லி 2000-இல் அமெரிக்காவின் கவுண்டிகளை, நம் மாவட்டங்கள் மாதிரியானவற்றை, ஒப்பிட்டுப் பார்த்தார். வருமான ஏற்றத்தாழ்வு கூடிய இடங்களில் வன்முறைக் குற்றங்கள் கூடுதலாக இருந்தன. சொத்துக் குற்றங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2002-இல் ஃபாய்ன்சில்பர், லெடர்மன், லொயாசா மூவரும் பல நாடுகளை ஒப்பிட்டு, ஏற்றத்தாழ்வு கூடிய நாடுகளில் கொலையும் வழிப்பறியும் கூடுவதைக் காட்டினார்கள். இவையெல்லாம் உழைத்துச் செய்த ஆய்வுகள், நான் மதிப்பவை. ஆனால் இந்த வரிசையில் வந்த பெரும்பாலானவற்றின் உள்ளே ஏழை ஏன் குற்றம் செய்கிறான் என்ற கேள்விதான் ஓடுகிறது. நான் பிறந்த மண்ணில் நின்று பார்த்தால் முதலில் எழுவது வேறு கேள்வி. ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு விலை ஏன்? ஒருவருக்கு நடந்த அநியாயம் குற்றம் என்று பதிவாகிறது, இன்னொருவருக்கு நடந்தது ஏன் பதிவாகாமலே போகிறது?

பெக்கரின் கட்டுரை வந்த அதே 1968-இன் டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அதற்கு முன்னால் நடந்தவை. அது அப்போது கீழத்தஞ்சை, இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவிடத்துக்குக் கொடி பிடித்துப் போகிறவர்களை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தது பொருளாதாரம் படிக்கப் போன பிறகுதான்.

நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-இல் நிலவுடைமையாளர்கள் சிலருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் வரும் கருத்து. அதே நாளில் நிலவுடைமையாளர் பக்கத்து ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயக் கூலிகள் தண்டனை அனுபவித்தார்கள்.

பெக்கர் காரை எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போட்டபோது, காருக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் அபராதம் ஒன்றுதான், பிடிபடும் வாய்ப்பும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார். நியூயார்க் தெருவுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். கீழத்தஞ்சையில் கார் வைத்திருப்பதே சந்தேகத்திலிருந்து ஒருவரை விலக்கிவைக்கும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. அப்படியானால் தண்டனை கிடைக்கும் வாய்ப்பு என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் இல்லை. நிலத்தோடும் சாதியோடும் சேர்ந்து ஏறி இறங்குகிற எண் அது. இதைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவர முடியும். கொண்டுவந்தால் பல முடிவுகள் தலைகீழாகும் என்று நம்புகிறேன். என் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கம் இதுதான்.

இதற்கும் முந்தைய காலத்தை நினைத்தால் இன்னும் தெளிவாகும். பண்ணையாள் முறை இருந்தபோது வேலைக்குப் பிந்தி வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். கொடுப்பவர் பண்ணை, வாங்குபவர் பண்ணையாள். போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ அதில் வேலையே இல்லை. 1943 முதல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டியதும், 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் ஒரே ஓட்டத்தின் பகுதிகள். அந்தக் காலத்துக் குற்றப் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் தஞ்சை அமைதியான மாவட்டம் என்றுகூட முடிவுக்கு வரலாம். அடித்தது யாருடைய ஏட்டிலும் ஏறவில்லையே.

இன்றைய ஏட்டில் என்ன ஏறுகிறது என்பதுதான் அடுத்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். எந்தப் புகார் எஃப்.ஐ.ஆர். ஆகும், எது ஆகாது என்று அவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏம்மா, கேஸ் கூடுனா ஸ்டேஷனுக்குத்தானே கெட்ட பேரு. மேல உள்ளவங்க நம்பரத்தான் பாப்பாங்க. ரைட்டர் பேனாவத் தொறக்கறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிப்பாரு" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

தமிழ்நாட்டில் ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தவர்களுக்கு சி.எஸ்.ஆர். என்றால் தெரியும். உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ரசீது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, சமாதானமாகப் போகிறோம் என்று எழுதி வாங்கி, பல மனுக்கள் அதோடு முடிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் அது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திரக் கணக்கில் போய்ச் சேரும். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. எஃப்.ஐ.ஆர். ஆனாலும் இன்னொரு வடிகட்டி இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றப் பிரிவுகள் இருந்தால், அவற்றில் கடுமையான ஒன்றைத்தான் காப்பகம் கணக்கில் எடுக்கும். மற்றவை எண்ணிக்கையில் தெரியாது.

ஆடு திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் நிலமில்லாத ஒரு பெண்ணுக்கு நாலு ஆடுதான் சேமிப்பு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று என்று விற்பாள். ராத்திரியில் டூவீலரில் வந்து தூக்கிப்போய்விடுகிறார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, போக்குவரத்துக்குக் காசு போச்சு. போனாலும் அடையாளம் சொல்ல ஆட்டுக்கு என்ன நம்பர் பிளேட்டா இருக்கிறது? பலர் போவதே இல்லை. போலீஸ் அக்கறையே காட்டுவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை இரவில் விரட்டிப் போய்க் கொல்லப்பட்டார். உயிரைக் கொடுத்த மனிதரும் அதே துறையில்தான் இருந்தார். என் கேள்வி தனி மனிதர்களின் நல்லது கெட்டது பற்றியது இல்லை. போர்செட்டில் காப்பர் ஒயர் திருடு போனால் வருகிற புகாருக்கும், தலித் மக்கள் வாழும் கீழத்தெருவில் ஆடு திருடு போனால் வராமலே போகிற புகாருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த இடைவெளியை அளக்காமல் குற்றம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவது ஆபத்து. பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு கூடியது என்று லட்சுமி ஐயரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2012-இல் காட்டினார்கள். வன்முறை கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. தைரியமாகப் போய்ச் சொன்னவர்கள் கூடினார்கள். மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் பெண்களுக்கான உதவி மேசைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. அங்கேயும் மேசை வைத்த ஸ்டேஷன்களில் பெண்களின் வழக்குகள் கூடுதலாகப் பதிவாயின. ஏட்டு மாமா சொன்ன 'கெட்ட பேரு' என்பதற்கு இது நேர் எதிரான பாடம். சில இடங்களில் எண் கூடுவதுதான் நல்ல செய்தி.

சரி, இதையெல்லாம் டெல்டாவில் வைத்து எப்படி ஆராய்வது? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வறுமையால் குற்றம் கூடுகிறதா என்று பார்க்க விரும்பும் பொருளாதார அறிஞர்கள் மழையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். மழை பொய்ப்பது யார் கையிலும் இல்லை. மழை பொய்த்த வருடம் வருமானம் விழுகிறது. அந்த வருடம் குற்றமும் கூடினால் வருமானம் விழுந்ததுதான் காரணம் என்று சொல்லலாம். ஐயரும் பெட்டியா டோபலோவாவும் இந்தியாவைப் பற்றி அப்படி ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். வறண்ட வருடங்களில் வரதட்சணைச் சாவுகள் கூடுவதை ஷீதல் சேக்ரியும் ஆடம் ஸ்டோரிகார்டும் 2014-இல் காட்டினார்கள். படித்துவிட்டு அன்று தூங்க முடியவில்லை. பிறகு 2015-இல் ஹெதர் சார்சன்ஸ் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். அணைப் பாசனம் உள்ள மாவட்டங்களில் மழை குறைந்தாலும் கூலி அவ்வளவாக விழுவதில்லை. ஆனாலும் மழைக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேயும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் மழை வருமானத்தின் வழியாக மட்டும் வேலை செய்யவில்லை. வேறு ஏதோ வழியும் இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் குறுவை நெல் சாகுபடியைத் தீர்மானிப்பது எங்கள் ஊர் மழை இல்லை, மேட்டூர் அணை திறக்கும் தேதி. 1934 முதல் எங்களுக்கு ஜூன் 12 என்பது காலண்டரில் பண்டிகை மாதிரி. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-இல் திரும்பவும் ஜூன் 12 அன்று திறந்தார்கள். 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். தேதி எப்படி முடிவாகிறது? கர்நாடகத்தில் குடகில் பெய்த மழை, அங்குள்ள அணைகளின் இருப்பு, காவிரி நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் கொடுத்த தீர்ப்பு, காவிரி மேலாண்மை ஆணையம் சொல்வது. கீழ்வேளூரில் ஆடு திருடுகிறவனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வெளிக்காரணி கிடைக்காது.

அதிலும் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. கல்லணைக்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு முதலில் வரும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு வந்து சேரும்போது சில வருடம் நாற்றே முற்றிப் போயிருக்கும், சில வருடம் வராமலே போகும். ஆக, ஒரே வருடம், ஒரே அணை, ஒரே அரசு, ஆனால் தலைமடையில் வருமானம் தப்பிக்கிறது, கடைமடையில் விழுகிறது. அணை திறந்த தேதியையும் வாய்க்காலில் ஒரு ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தால் வருமான இழப்பை ஊர் ஊராகப் பிரித்துப் பார்க்கலாம். இதன் மேல் ஒவ்வொரு ஸ்டேஷனின் எஃப்.ஐ.ஆர்.களையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றுகிறார்கள். எடுத்துத் தொகுப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் செய்ய முடிகிற வேலை.

இதிலும் ஏற்றத்தாழ்வு குறுக்கே வந்து நிற்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றி, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். நிவாரணமும் பயிர்க் காப்பீடும் சாகுபடி செய்ததாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்கு. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், அதில் வாய்மொழிக் குத்தகையும் ஏராளம். காகிதமில்லாத குத்தகைக்காரருக்கு எட்டாது. நட்டு, களை பறித்து, அறுத்துக் கூலி வாங்குகிறவர்களுக்கோ பயிர் இழப்பு என்ற தலைப்பின் கீழ் எதுவுமே கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகும் இதையே பார்த்தேன். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது. தேங்காய் வெட்டப் போனவருக்குக் கணக்கு இல்லை. அந்த வீடுகளில் குழுக்கடன் வாங்கியிருந்த பெண்களிடம் தவணை கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் பேசிய பேச்சு எந்தச் சட்டப்பிரிவில் வரும்? 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, 2025-இல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களில் யாரும் ஸ்டேஷன் படியேறி நான் பார்த்ததில்லை. வருமானம் விழுந்தால் குற்றம் செய்கிறவர்கள் கூடுகிறார்களா என்று மட்டும் ஆராய்ந்தால் போதாது. குற்றத்துக்கு ஆளாகிறவர்களும் கூடுகிறார்கள், அவர்கள் புகார் சொல்லும் வலிமை அதே நேரத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் பதிவில் எண் அசையாமலே இருக்கலாம். அசையாத எண்ணைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

காரைக்கால் எல்லையையும் ஒரு பத்தியில் சேர்த்திருக்கிறேன். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அது புதுச்சேரி. வரி வேறு, சாராயத்தின் விலையும் வேறு. எல்லைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு வழக்குகள் குவிகின்றன. அந்த எண்ணிக்கை குற்றத்தின் அளவா, சோதனையின் அளவா? பெரும்பாலும் சோதனையின் அளவு. பையில் பத்து பாட்டிலோடு பஸ்ஸில் வருகிற பெண்ணின் பெயர் அதில் இருக்கும். பின்னால் இருந்து பணம் போட்டவரின் பெயர் அநேகமாக இருக்காது.

பத்தூர் நடராஜரைப் பற்றியும் எழுதினேன், பிறகு இடம் போதாமல் எடுத்துவிட்டேன். அதை விட மனமில்லை. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-இல் நிலமில்லாத ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவர் நடராஜரைச் சொற்பத் தொகைக்குக் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982-இல் ஒரு கனடா நிறுவனம் பெருந்தொகைக்கு வாங்கியது. லண்டன் போலீஸ் பறிமுதல் செய்ய, வழக்கு நடந்து, கோயிலையே சட்டப்படி உரிமை கோரக்கூடிய ஒரு நபராக ஏற்றுக்கொண்டு இங்கிலாந்து நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. 1991-இல் நடராஜர் திரும்பி வந்தார். ஒரே பொருள், ஒரே குற்றச் சங்கிலி. அதில் கடைசிக் கண்ணியில் இருந்தவர்களுக்குக் கிடைத்த லாபத்தில் தூசிகூட முதல் கண்ணியில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் போலீஸ் எளிதாகத் தேடிப் பிடிக்கக்கூடியது முதல் கண்ணியைத்தான். ஆதாயம் மேலே போகிறது, பிடிபடும் வாய்ப்பு கீழே தங்குகிறது. சமத்துவமின்மை குற்றத்தின் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆற்று மணலிலும் இதே கதைதான். மாட்டுவண்டிக்காரர் மேல் வழக்கு இருக்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்து போனபோது, வருடக்கணக்கில் அள்ளிய மணலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அத்தனையையும் மாட்டுவண்டியில் அள்ளியிருக்க முடியாது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்களின் சாதியை எடுத்து, அதைக் குற்றத்துக்குக் காரணமான ஒரு மாறியாகச் சமன்பாட்டில் வைக்க மாட்டேன் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட்டேன். தரவு கையில் இருக்கும்போது ஏன் விட வேண்டும் என்று நேர்காணலில் கேட்பார்கள். 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கே குற்றவாளி என்று பெயர் வைத்த சட்டம். 1947-இல் இங்கே ஒழித்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் உண்டாக்கிய சந்தேகம் ஸ்டேஷன் பதிவேடுகளில் தொடர்ந்தது. யாரைச் சந்தேகப்பட்டார்களோ அவர்களைத்தான் பிடித்தார்கள், பிடித்தவர்களைத்தான் எண்ணினார்கள். அந்த எண்ணை எடுத்துச் சாதிக்கும் குற்றத்துக்கும் தொடர்பு கண்டுபிடித்தால், பழைய சந்தேகத்துக்குப் புதிய கணிதத்தில் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். சிறையில் இருப்பவர்களை வைத்துச் செய்தாலும் இதே சிக்கல். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகாதவர்கள். ஜாமீனுக்குப் பணமும் ஆளும் இல்லாததால் உள்ளே இருப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். சாதியை நான் வைக்கப்போகும் இடம் வேறு. யாருடைய புகார் எஃப்.ஐ.ஆர். ஆனது, யாருடையது சி.எஸ்.ஆரோடு நின்றது, எத்தனை நாளில் குற்றப்பத்திரிகை போனது ஆகியவற்றில் சாதி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பேன்.

எஃப்.ஐ.ஆர். மட்டும் இதற்குப் போதாது. வீடு வீடாகப் போக வேண்டும். போன வருடம் உங்களுக்கு என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்கும் கணக்கெடுப்பை அமெரிக்காவில் 1970-களிலிருந்தும் பிரிட்டனில் 1980-களிலிருந்தும் தொடர்ந்து எடுக்கிறார்கள். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு எடுத்த அப்படி ஒரு கணக்கெடுப்பு 2017-இல் வெளிவந்தது. திருட்டு கொடுத்தவர்களில் சிறு பகுதியினர்தான் எஃப்.ஐ.ஆர். வரை போயிருந்தார்கள். பெருநகரத்திலேயே அப்படி. கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை வாய்க்கால் வழியாக இறங்கி, தலைமடை ஊர், நடுமடை ஊர், கடைமடை ஊர் என்று எடுத்து, குடியானத் தெருவிலும் கீழத்தெருவிலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு வருடச் சம்பளத்தோடு களப்பணிக்கும் பணம் தருவார்களா என்பது நேர்காணலில் தெரியும்.

டெல்டாவை ஆராய வெளியிலிருந்து வருவது புதிதில்லை. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அனுப்பி எழுதவைத்த கிராமங்களில் பாலக்குறிச்சி ஒன்று. மானுடவியல் அறிஞர் கேத்லீன் கஃப் 1950-களிலும் 1976-இலும் தஞ்சைக் கிராமங்களில் இருந்து எழுதினார். நல்ல ஆராய்ச்சிகள், இன்றைக்கும் எனக்கு அவை தேவைப்படுகின்றன. ஆனால் கீழத்தெருவிலிருந்து பொருளாதாரம் படித்து வந்த பிள்ளைகள் இந்தத் தரவைக் கையில் எடுக்கும்போது கேள்விகளே மாறும் என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் மனுவோடு காத்திருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, பதிவான எண்ணை நம்பலாமா என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரப் போஸ்ட்டாக் விளம்பரங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த வசந்தம் வரை வருகின்றன, நம் கணக்கில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. நீங்களே தனியாகவோ முதன்மையாகவோ எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை வேண்டும். அதைத்தான் முதலில் படிப்பார்கள். ஆய்வுத் திட்டம், வாழ்க்கைக் குறிப்பு, பேராசிரியர்களிடமிருந்து இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஸ்டேட்டா (Stata), ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் கை பழகியிருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள லட்ச ரூபாய் வகுப்பு தேவையில்லை, ஆர் இலவசம். விசாவுக்கும் முதல் மாத வாடகைக்கும் கையில் பணம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் கடைசி நேரத்தில் நிற்பது அங்கேதான். பயணச் செலவைப் பல்கலைக்கழகம் தருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், எல்லோரும் கேட்கிறார்கள்.

திருவாரூரிலோ மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ முதுகலை படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இந்தப் பக்கம் வர நினைத்தால் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதியிருந்தாலும் சரி, கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.